ஆயிரம் வண்டி, மூன்று சாட்சி

சிம்பாங் ரெங்கம், ஜொகூர் மாநிலத்தின் குளுவாங் மாவட்டத்தில் செம்பனைத் தோட்டங்கள் சூழ்ந்த சிற்றூர். பழைய முதலாம் கூட்டரசுச் சாலை ஊருக்குள்ளேயே போகிறது. 1994-இல் முழுமையாகத் திறக்கப்பட்ட வடக்கு தெற்கு நெடுஞ்சாலை ஊருக்குப் பக்கத்தில் போகிறது. நெடுஞ்சாலையை விட்டு ஊருக்குள் இறங்குகிறவர்கள் அங்குள்ள டோல் சாவடியைத் தாண்டியாக வேண்டும். சாதாரண நாளில் அது ஒரு பொருட்டே இல்லை. நோன்புப் பெருநாள், சீனப் புத்தாண்டு, தீபாவளி என்று நாடே பாலிக் கம்போங் என்று சொந்த ஊருக்குக் கிளம்பும் நாள்களில், சாவடியில் ஒரு வண்டிக்கு ஆகும் சில விநாடிகள்தாம் வீடு போய்ச் சேரும் நேரத்தை முடிவு செய்கின்றன.

2022 ஜனவரி 15 அன்று, தைப்பூசத்துக்கு மூன்று நாள் முன்பு, பினாங்கின் ஜூரு முதல் ஜொகூரின் ஸ்கூடாய் வரையிலான வடக்கு தெற்கு (பிளஸ்) நெடுஞ்சாலைச் சாவடிகளில் ஆர்எஃப்ஐடி முறை தொடங்கியது. சிம்பாங் ரெங்கம் அந்த நீட்சிக்குள்தான் வருகிறது. கண்ணாடியிலோ முன்விளக்கிலோ ஒட்டிய சிறு வில்லையைக் கருவி படித்துக்கொள்ளும்; கையை நீட்டி அட்டையைத் தொட வேண்டியதில்லை. வேகத்துக்காகக் கொண்டுவந்த ஏற்பாடு அது. ஆனால் முதல் சில நாள்களில் பல சாவடிகளில் வில்லை படிக்கப்படாமல் வண்டிகள் நின்றன, பின்னால் நெரிசல் நீண்டது. பெரும்பாலான வண்டிகள் தடையின்றிப் போனபோதும், நின்றுபோன சில வண்டிகளே பெரிய வரிசையை உண்டாக்கின.

சில வண்டிகள் நின்றால் வரிசை எவ்வளவு நீளும் என்பதை முன்கூட்டியே கணக்கிட முடியும். அதற்கென்றே ஓர் அறிவியல் உண்டு. அந்த அறிவியல் தரும் விடையை எவ்வளவு தூரம் நம்பலாம் என்று அளந்து சொல்லும் இன்னோர் அறிவியலும் உண்டு. இந்தக் கட்டுரை இரண்டாவதைப் பற்றியது.

வரிசைக்கு ஒரு கணிதம்

வரிசைகளைக் கணிதமாகப் பார்க்கத் தொடங்கியவர் டென்மார்க்கின் ஏ. கே. எர்லாங். கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் வேலை பார்த்த அவர், 1909-இல் தொலைபேசி அழைப்புகளைப் பற்றி முதல் கட்டுரையை வெளியிட்டார். அழைப்புகள் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. ஆனாலும் எத்தனை இணைப்புகள் வைத்தால் எத்தனை பேர் காத்திருக்க நேரும் என்று சொல்ல முடியும் என்று அவர் காட்டினார். 

இதை டோல் சாவடிக்குக் கொண்டுவந்தவர் லெஸ்லி ஈடி, நியூயார்க் துறைமுக ஆணையத்தின் பொறியாளர். ஜார்ஜ் வாஷிங்டன் பாலத்திலும் லிங்கன் சுரங்கப்பாதையிலும் வண்டிகளை எண்ணி, தாமதங்களை அளந்து, எந்த நேரத்தில் எத்தனை சாவடி திறந்திருக்க வேண்டும், பணியாளர்களுக்கு எப்போது ஓய்வு தரலாம் என்று கணக்கிட்டு 1954-இல் எழுதினார். செயல்முறை ஆராய்ச்சித் துறையின் லான்செஸ்டர் பரிசை முதன்முதலாகப் பெற்ற கட்டுரை அதுதான்.

சூத்திரங்களுக்கு ஓர் எல்லை உண்டு. நான்கு தடங்கள், லோரிக்கு ஒன்று காருக்கு ஒன்று, நடுவில் தடம் மாறும் ஓட்டுநர்கள், திடீர் மழை என்று உண்மை நிலவரத்தைச் சேர்க்கச் சேர்க்கச் சூத்திரம் கைவிட்டுவிடும். அப்போது கைகொடுப்பது கணினி ஒத்திகை. தற்செயல் எண்களைக் கொண்டு கணினி வண்டிகளை வரவழைக்கும். ஒவ்வொன்றும் சாவடியில் எவ்வளவு நேரம் நிற்கும் என்று முடிவு செய்யும். காத்திருந்த நேரத்தைக் குறித்துக்கொள்ளும். ஒரு மாதப் போக்குவரத்தை ஒரு மடிக்கணினி சில விநாடிகளில் நடத்திக் காட்டிவிடும். இறுதியில் ஓர் எண் வரும்: சராசரிக் காத்திருப்பு இத்தனை விநாடி.

வில்லங்கம் அந்த எண்ணில்தான் இருக்கிறது. அதே ஒத்திகையை வேறு தற்செயல் எண்களோடு இன்னொரு முறை ஓடவிட்டால் வேறு விடை வரும். முதலில் வந்தது 70 விநாடி என்றால் அடுத்தது 120 ஆக இருக்கலாம். ஒரே ஒரு முறை ஓட்டிவிட்டு வந்த எண்ணை அறிக்கையில் எழுதுகிறவர், தாயத்தை ஒரு தடவை உருட்டிவிட்டு விழுந்ததையே சராசரி என்று எழுதுகிறார்.

ஒரு வண்டியின் தாமதம் எங்கே போகிறது

ஒரு தடத்தை மட்டும் அருகே போய்ப் பார்ப்போம். 8 விநாடிக்கு ஒரு வண்டி வருகிறது. ஒவ்வொன்றுக்கும் சாவடியில் 6 விநாடி ஆகிறது. யாரும் யாருக்காகவும் காத்திருக்க வேண்டியதில்லை. ஒன்று போனபின் 2 விநாடி சாவடி சும்மாவும் இருக்கிறது.

இப்போது ஒரு வண்டியின் அட்டையில் பணம் போதவில்லை. அந்த வண்டி 60 விநாடி நின்றுவிடுகிறது. அடுத்த வண்டி 8 விநாடி கழித்து வந்தது; ஆகவே அது 52 விநாடி காத்திருக்கிறது. அதற்கடுத்தது? முன்வண்டி காத்த 52, அது சாவடியில் எடுத்த 6, மொத்தம் 58. இது 8 விநாடி பிந்தி வந்ததால் 50. அதற்கடுத்தது 48. பிறகு 46. இப்படி இரண்டிரண்டாகக் குறைந்து 26 வண்டிகள் காத்திருந்தபின்தான் 27-ஆவது வண்டி நிற்காமல் போகிறது. ஒருவருடைய ஒரு நிமிடம், பின்னால் வந்த 26 பேரின் 702 விநாடிகளாக, அதாவது கிட்டத்தட்ட 12 நிமிடங்களாகப் பெருகிவிட்டது.

நாம் இப்போது போட்ட கூட்டல் கழித்தலுக்கு ஒரு பெயர் உண்டு. முன்வண்டி காத்த நேரத்தோடு அது சாவடியில் எடுத்த நேரத்தைக் கூட்டு; இரு வண்டிகளுக்கும் உள்ள இடைவெளியைக் கழி; விடை சுழியத்துக்குக் கீழே போனால் சுழியம் என்று வை. பிரிட்டிஷ் புள்ளியியலாளர் டென்னிஸ் லிண்ட்லி 1952-இல் எழுதிய இந்த ஒற்றை வரி, ஒற்றைத் தடக் கணினி ஒத்திகையின் இதயம். ஆறாம் வகுப்புப் பிள்ளை போடக்கூடிய கணக்கு. ஆனால் ஒவ்வொரு வண்டியின் காத்திருப்பும் தனக்கு முந்திய வண்டியின் காத்திருப்பைத் தனக்குள் சுமக்கிறது என்பதை அது பளிச்சென்று காட்டுகிறது.

அரிதாக நிற்கும் வண்டிக்கு எவ்வளவு வலிமை என்பதற்கு இன்னொரு கணக்கு. ஒரு தடத்துக்கு நிமிடத்துக்குச் சராசரியாக 9 வண்டிகள் தற்செயலாக வருவதாக வைத்துக்கொள்வோம். எல்லா வண்டியும் 4 விநாடியில் கடந்துவிட்டால் சராசரிக் காத்திருப்பு 3 விநாடி. இதில் நூற்றுக்கு 2 வண்டி மட்டும் படிக்கப்படாமல் 60 விநாடி நிற்பதாகக் கொண்டால் என்ன ஆகும்? ஃபெலிக்ஸ் பொல்லாசெக் 1930-இலும் அலெக்சாந்தர் கின்சின் 1932-இலும் கண்ட சூத்திரத்தில் போட்டுப் பார்த்தால் விடை 28 விநாடிக்கு மேல். 98 வண்டிகள் ஒழுங்காகப் போயும் சராசரி ஒன்பது மடங்குக்கு மேல் ஏறிவிடுகிறது. இவை விளக்கத்துக்காக நான் எடுத்த எண்கள்தாம். ஆனால் 2022-இன் அந்த முதல் நாள்களில் நடந்ததன் கணிதம் இதுதான்.

இதிலிருந்து ஒத்திகை நடத்துகிறவருக்கு ஓர் எச்சரிக்கை கிடைக்கிறது. விடையை நிர்ணயிப்பது அரிதாக வரும் வண்டி. குறைந்த நேர ஒத்திகையில் அந்த வண்டி வராமலே போகலாம். அல்லது அடுத்தடுத்து மூன்று வந்துவிடலாம். முதல் ஒத்திகை சாவடியைப் புகழும், இரண்டாவது அதே சாவடியை இகழும்.

பதம் பார்க்கும் சோறு

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்கிறோம். பானை முழுவதும் ஒரே கொதியில் வெந்து, நன்றாகக் கிளறப்பட்டிருப்பதால்தான் அது செல்லுபடியாகிறது. வரிசை கிளறப்படாத பானை. ஒரு மூலையிலிருந்து ஆயிரம் பருக்கையை எடுத்துப் பார்த்தாலும் அந்த மூலையின் பதம்தான் தெரியும்.

இதை எண்ணால் சொல்ல முடிவதுதான் இந்தத் துறையின் அழகு. ஒரு தடம், வண்டிகள் தற்செயலாக வருகின்றன, சாவடியில் ஆகும் நேரம் சராசரி 10 விநாடி, அதுவும் தற்செயலாகக் கூடிக் குறைகிறது. சாவடி 100 நிமிடத்தில் 90 நிமிடம் வேலையில் இருக்கிறது. வரிசைக் கணிதத்தில் மிக எளிய மாதிரி இது. சரியான விடையும் தெரியும். சராசரிக் காத்திருப்பு 90 விநாடி.

விடை தெரியாதவர் போல இதே தடத்தைக் கணினியில் ஓட்டுவோம். 1000 வண்டிகளின் காத்திருப்பைப் பதிவு செய்து, பள்ளிப் புள்ளியியல் பாடத்தில் வரும் முறைப்படி பிழையைக் கணக்கிட்டால், கூடக்குறைய 6 விநாடிதான் பிழை என்று வரும். ஆயிரம் அளவீடு ஆயிற்றே, பிழை சின்னதாகத்தான் இருக்கும் என்று மனமும் ஒப்புக்கொள்ளும். அந்தச் சூத்திரமோ ஒவ்வோர் அளவீடும் மற்றதைச் சாராதது என்று எடுத்துக்கொண்டது. நம் வண்டிகள் அப்படி இல்லை. 500-ஆவது வண்டி இரண்டு நிமிடம் காத்தது என்றால் 501-ஆவதும் ஏறக்குறைய அவ்வளவு காத்திருக்கும் என்று பார்க்காமலே சொல்லிவிடலாம். அது புதிய செய்தி எதையும் கொண்டுவரவில்லை.

இந்த மாதிரிக்கு அந்தச் சார்பு எவ்வளவு என்று கணிதர்கள் முழுமையாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். நீண்ட ஒத்திகையில், மற்றவற்றைச் சாராத ஒரே ஓர் அளவீடு தரும் தகவலைப் பெற, அடுத்தடுத்து வரும் ஏறத்தாழ 360 வண்டிகள் தேவை. ஆயிரம் வண்டிகளின் சாட்சியம், உண்மையில் மூன்று தனி மனிதர்களின் சாட்சியத்துக்குக்கூட ஈடாகவில்லை. ஆயிரம் வண்டி கடக்கும் நம் மூன்று மணி நேர ஒத்திகையின் சராசரி, உண்மையான 90 விநாடியிலிருந்து முக்கால் நிமிடம், ஒரு நிமிடம் என்று விலகுவது சர்வசாதாரணம். 6 விநாடி என்று நினைத்த பிழை இது.

இன்னும் கடுமையாகவும் சொல்லலாம். நூற்றுக்கு 95 தடவை உண்மை இதற்குள் இருக்கும் என்று உறுதி கூறி, பள்ளிச் சூத்திரப்படி ஓர் எல்லையைக் குறிக்கிறோம். சார்பைக் கணக்கில் சேர்த்துப் பார்த்தால் அந்த எல்லைக்குள் உண்மை விழுவது நூற்றுக்கு ஏறத்தாழ 8 தடவைதான். மீதி 92 தடவையும் நாம் தவறான ஒன்றை முழு நம்பிக்கையோடு சொல்லிக்கொண்டிருப்போம்.

நெரிசல் கூடக் கூட

எவ்வளவு நேரம் ஓட்டினால் போதும்? பெல் ஆய்வகத்தின் வார்ட் விட் 1989-இல் வெளியிட்ட கட்டுரையின் பொருளே இதுதான்: ஒத்திகையைத் தொடங்குமுன் எவ்வளவு ஓட்ட வேண்டியிருக்கும் என்று உத்தேசமாகத் தெரிந்துகொள்வது எப்படி?

அதே 10 விநாடிச் சாவடியை எடுத்துக்கொள்வோம். தடத்தில் சராசரியாக எத்தனை வண்டி நிற்கும் என்பதை நூற்றுக்கு 5-க்கு மேல் பிழை வராமல், 95 விழுக்காட்டு உறுதியோடு சொல்ல வேண்டும். சாவடி பாதி நேரம் மட்டுமே வேலையில் இருந்தால், ஒத்திகைக் கடிகாரத்தில் நான்கு நாளுக்குச் சற்று மேல் ஓட வேண்டும். நூற்றுக்கு 90 நேரம் வேலையில் இருந்தால் 75 நாள். 95 நேரம் என்றால் 290 நாளுக்கு மேல். பளு, அதாவது சாவடி வேலையில் இருக்கும் விழுக்காடு, 90-இலிருந்து 95-க்கு ஏறும்போது தேவைப்படும் நேரம் கிட்டத்தட்ட நான்கு மடங்காகிவிடுகிறது.

நமக்கு விடை மிகவும் தேவைப்படுவது நெரிசல் மிகுந்த சாவடிக்குத்தான். காலியாகக் கிடக்கும் சாவடியைப் பற்றி யாரும் கவலைப்படுவதில்லை. அதனால் எங்கே துல்லியம் அவசியமோ அங்கேயே அது கிடைப்பது அரிதாகிறது. நெரிசலான வரிசை தன் பழைய நிலையை வெகுநேரம் மறப்பதில்லை என்பதே இதற்குக் காரணம்.

இதே காரணத்தால் தொடக்கமும் ஏமாற்றும். பெரும்பாலான ஒத்திகைகள் காலித் தடத்தில் தொடங்குகின்றன. முதல் வண்டி காத்திருப்பதே இல்லை, இரண்டாவது கொஞ்சம் காக்கிறது. இந்தத் தொடக்க வண்டிகளையும் சேர்த்துச் சராசரி எடுத்தால் விடை குறைந்துதான் வரும். 90 விழுக்காட்டுப் பளுவில், காலியாகத் தொடங்கியதன் தாக்கம் முழுமையாக மறைய ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஒத்திகையைப் பலமுறை ஓட்டி, சராசரிக் கோட்டை வரைந்து, அது ஏறி முடிந்து சமமாகும் இடம் வரைக்கும் உள்ளதை விட்டுவிடும் பழக்கத்தை ஐபிஎம் நிறுவனத்தின் பீட்டர் வெல்ச் 1980-களில் எழுதிவைத்தார். இன்றும் பாடப்புத்தகங்களில் அந்த வரைபடம்தான் முதலில் வருகிறது.

ஆனால் வெட்டுவதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: நாம் தேடுவது எந்தச் சராசரி? எந்த டோல் சாவடியும் 75 நாள் ஒரே பளுவில் நிற்பதில்லை. தீபாவளிக்கு முந்தைய நாள் மாலை நெரிசல் ஏறும், நள்ளிரவில் இறங்கும். அந்த ஒரு மாலையில் என்ன ஆகும் என்பது கேள்வியானால், காலியான சாவடியிலிருந்து நெரிசல் ஏறுவதும் விடையின் ஒரு பகுதிதான். அதை வெட்டி எறியக் கூடாது. ஒரே ஒத்திகையை மாதக்கணக்கில் ஓட்டுவதற்குப் பதிலாக, அந்த மாலையையே நூறு தடவை, ஆயிரம் தடவை, ஒவ்வொரு தடவையும் வேறு தற்செயல் எண்களோடு நடத்திப் பார்க்க வேண்டும். கேள்வி மாறினால் முறையும் மாற வேண்டும்.

பிழையை அளக்கும் வழிகள்

தனித்தனியாகப் பலமுறை ஓட்டுவதுதான் மிக எளிய வழி. ஓர் ஓட்டத்துக்குள் வண்டிகள் ஒன்றையொன்று சார்ந்திருக்கும். ஆனால் ஓர் ஓட்டம் இன்னோர் ஓட்டத்தைச் சாராது. பத்து ஓட்டத்தின் பத்துச் சராசரிகளை எடுத்துக்கொண்டால் அவை உண்மையிலேயே பத்துத் தனிச் சாட்சிகள். அவற்றுக்கிடையே உள்ள வேறுபாடே பிழையின் அளவைச் சொல்லிவிடும்.

இந்த எண்ணம் இந்தியாவுக்குப் புதிதில்லை. கல்கத்தாவில் 1931-இல் இந்தியப் புள்ளியியல் கழகத்தைத் தொடங்கிய பி. சி. மகலனோபிஸ், 1930-களின் பிற்பகுதியில் வங்காளத்தின் சணல் விளைநிலங்களை அளக்கும் பணியை நடத்தினார். ஒரே பகுதிக்கு ஒன்றையொன்று சாராத இரண்டு மாதிரிகளை எடுத்து, தனித்தனிக் குழுக்களைக் கொண்டு அளக்கச் செய்தார். இரண்டு குழுவின் விடைகளும் நெருங்கி வந்தால் நம்பலாம். விலகி நின்றால், எவ்வளவு விலகியதோ அதுவே எச்சரிக்கை. களத்தில் அளப்பவரின் கவனக்குறைவுகூட அதில் பிடிபடும். வயலில் அவர் செய்த அதே காரியத்தைத்தான் இன்று கணினிக்குள் செய்கிறோம்.

இன்னொரு வழி, ஒரே நீண்ட ஓட்டத்தைப் பெரிய துண்டுகளாக வெட்டுவது. ஐந்து லட்சம் வண்டிகளை 25 துண்டாக்கினால் ஒரு துண்டுக்கு 20,000 வண்டி. துண்டு போதுமான அளவு பெரிதாக இருந்தால், ஒரு துண்டின் சராசரி அடுத்த துண்டின் சராசரியைப் பெரும்பாலும் சாராது. 1963-இல் ரிச்சர்ட் கான்வே எழுதிய கட்டுரையிலேயே இந்த யோசனை இடம்பெற்றது. காலியாகத் தொடங்கும் தொல்லையை ஒரே ஒரு முறை பொறுத்துக்கொண்டால் போதும் என்பது இதன் வசதி. துண்டு சிறிதாகிவிட்டால் பழைய ஏமாற்றம் திரும்பி வந்துவிடும் என்பது இதன் ஆபத்து.

எனக்கு மிகவும் பிடித்தது மூன்றாவது வழி. வரிசை எவ்வளவு நீண்டாலும் ஒரு கட்டத்தில் முழுவதும் காலியாகிறது. காலியான தடத்துக்கு ஒரு புதிய வண்டி வரும் அந்தக் கணத்தில், அதுவரை நடந்த எதுவும் இனி நடக்கப்போவதைப் பாதிப்பதில்லை. லிண்ட்லியின் கணக்கில் சுழியம் என்று வைத்தோமே, அந்தச் சுழியத்தில் சங்கிலி அறுந்துவிடுகிறது. ஒரு காலியிலிருந்து அடுத்த காலி வரை ஒரு சுற்று என்று பிரித்தால், ஒவ்வொரு சுற்றும் மற்றச் சுற்றுகளிலிருந்து முற்றிலும் தனி. 1970-களில் மைக்கேல் கிரேனும் டொனால்ட் இக்கிள்ஹார்ட்டும் இதை முழு முறையாக வளர்த்தார்கள். சார்பை எதிர்த்துப் போராடாமல், அது தானாக அறும் இடத்தைத் தேடிப் பிடிக்கும் நுட்பம் இது.

எந்த வழியில் போனாலும் ஒரு விதி தப்பாது: பிழையைப் பாதியாக்க நான்கு மடங்கு ஓட வேண்டும், பத்தில் ஒன்றாக்க நூறு மடங்கு. முரட்டு உழைப்பால் துல்லியத்தை வாங்குவது செலவு பிடித்த காரியம். ஆகவே உத்திகள் தேவைப்படுகின்றன. 

இரண்டு ஏற்பாடுகளில் எது நல்லது என்று ஒப்பிடும்போது, இரண்டுக்கும் ஒரே வண்டிகளை, ஒரே விநாடியில், ஒரே வரிசையில் அனுப்பிப் பார்ப்பது அப்படி ஓர் உத்தி. ஒன்றுக்கு அமைதியான மாலையும் மற்றொன்றுக்கு அமளியான மாலையும் வாய்த்துவிட்டால் ஒப்பீடு நியாயமாகாது. ஒரே தற்செயல் எண்களை இரண்டுக்கும் கொடுத்தால், அதிர்ஷ்டத்தின் வேறுபாடு பெருமளவு கழிந்து, ஏற்பாட்டின் வேறுபாடு தெளிவாகத் தெரியும்.

சென்னையில் பிறந்த ஒரு கணிதர்

சில கேள்விகளுக்கு நீண்ட ஓட்டமும் போதாது. வரிசை நீண்டு நெடுஞ்சாலையின் வேகத் தடத்துக்கே வந்துவிடுவது எவ்வளவு அரிது? அங்கே விபத்து நேரலாம் என்பதால் இது உயிர் சம்பந்தப்பட்ட கேள்வி. நம் 10 விநாடிச் சாவடி 80 விழுக்காட்டுப் பளுவில் இருந்தால், தனக்கு முன் 60 வண்டியாவது நிற்பதைக் காணும் வண்டி சராசரியாக ஆறரை லட்சத்தில் ஒன்றுதான். அத்தனை வண்டி வந்து முடிய 94 நாள் இடைவிடாத போக்குவரத்து வேண்டும். அதுவும் ஒரே ஒரு சாட்சிக்கு.

இந்த வகை அரிய நிகழ்வுகளின் கணிதத்தை ஒரே கோட்பாடாக வடித்தவர் எஸ். ஆர். சீனிவாச வரதன். 1940-இல் சென்னையில் பிறந்தவர். மாநிலக் கல்லூரியில் படித்தார். கல்கத்தாவில் மகலனோபிஸின் கழகத்தில் சி. ஆர். ராவின் மாணவராக ஆய்வு செய்தார். 1963-இல் நியூயார்க்கின் கூராண்ட் கழகத்துக்குப் போனார். நிகழ்தகவியலுக்கு அவர் அளித்த அடிப்படைப் பங்களிப்புக்காக, குறிப்பாகப் பெரும் விலகல் கோட்பாட்டுக்காக, 2007-இல் ஏபெல் பரிசு பெற்றார். அரிய நிகழ்வு ஒன்று நடந்தே தீர வேண்டுமானால் அது எந்த வழியில் நடப்பதற்கு வாய்ப்பு அதிகம் என்று அந்தக் கோட்பாடு காட்டுகிறது. எல்லா வழிகளும் அரியவைதாம். அவற்றுள் மிகக் குறைவாக அரியது எதுவோ அதன் வழியாகத்தான் அந்த நிகழ்வு வரும்.

வரிசைக்கு அந்த வழி என்ன? நம் எளிய மாதிரிக்கு விடை வியப்பானது. வண்டி வரும் வேகமும் சாவடி அனுப்பும் வேகமும் இடம் மாறிக்கொண்டது போல நடந்தால்தான் 60 வண்டி சேரும். ஆகவே ஒத்திகையில் வேண்டுமென்றே இரண்டு வேகங்களையும் மாற்றி வைத்துவிட வேண்டும். சியாம் பரேக், ஜான் வால்ராண்ட் இருவரும் 1989-இல் இதைக் காட்டினார்கள். அப்போது நீண்ட வரிசை அரிதாக இராது, அடிக்கடி வரும். செய்த மாற்றத்துக்கு ஈடாக ஒவ்வொரு நிகழ்வுக்கும் சரியான சிறு எடையைப் போட்டுக் கணக்கைத் திருத்திக்கொண்டால், மாதக்கணக்கான ஓட்டம் சொல்லும் விடையைச் சில நிமிட ஓட்டத்தில் பெற்றுவிடலாம். ஒரு பொய்யான உலகை நடத்தி, அது எவ்வளவு பொய் என்று துல்லியமாகத் தெரிந்திருப்பதால், உண்மையை விரைவாகக் கண்டுவிடுகிறோம். நிகழ்தகவியல் தந்த அதிசயங்களில் இதை முதல் வரிசையில் வைப்பேன்.

சொல்லாமல் விட்ட பாதி

இத்தனை முறைகள் கையில் இருந்தும் எத்தனை பேர் பயன்படுத்துகிறார்கள்? நியூசிலாந்தின் கிறிஸ்டோஃப் பாவ்லிகோவ்ஸ்கியும் அவருடைய சகாக்களும் தொலைத்தொடர்பு வலையங்களைப் பற்றிய 2000-க்கும் மேற்பட்ட ஆய்வுக் கட்டுரைகளைப் புரட்டிப் பார்த்து 2002-இல் எழுதினார்கள். ஒத்திகையை நம்பிய கட்டுரைகளில் ஏறக்குறைய முக்கால்வாசி, விடையில் தற்செயல் கலந்திருக்கிறது என்பதையே பொருட்படுத்தவில்லை. எண் இருந்தது, பிழை எவ்வளவு என்று இல்லை. படித்த ஆய்வாளர்கள் எழுதி, மற்ற ஆய்வாளர்கள் சரிபார்த்து வெளிவந்த கட்டுரைகள் அவை.

கணினி வேகம் குறைவு என்று இன்று யாரும் சாக்குச் சொல்ல முடியாது. 75 நாள் ஒத்திகை என்றேன். அது ஒத்திகைக் கடிகாரத்தின் 75 நாள். ஏறத்தாழ ஆறு லட்சம் வண்டிகள். இன்றைய மடிக்கணினிக்கு அது சில விநாடி வேலை. பத்து முறை ஓட்டி வேறுபாட்டைப் பார்க்க ஒரு தேநீர் நேரம்கூட ஆகாது. குறைவாக இருப்பது பழக்கம்தான். ஒரே எண் கம்பீரமாகத் தெரிகிறது. கூடக்குறைய இவ்வளவு என்று சேர்த்தால் தடுமாறுவது போலத் தெரிகிறது. உண்மை நேர்மாறானது. பிழையைச் சொல்கிறவர்தான் தன் எண்ணை முழுதும் அறிந்தவர்.

டோல் சாவடிக்கு மட்டும் உரிய செய்தி இல்லை இது. அரசு மருத்துவமனையில் எத்தனை மருத்துவர் இருந்தால் நோயாளி எவ்வளவு நேரம் காக்க வேண்டும், ஜொகூர் பாருவின் எல்லைச் சோதனைச் சாவடியில் எத்தனை முகப்புகள் திறக்க வேண்டும், அவசர ஊர்தி எத்தனை வேண்டும் என்று முடிவு செய்யவும் கணினி ஒத்திகை உதவும். ஒவ்வோர் எண்ணின் பின்னாலும் காத்திருக்கும் மனிதர்கள் இருக்கிறார்கள். தவறான எண் அவர்களுடைய நேரத்தைத் தின்கிறது, சில இடங்களில் உயிரையும்.

சிம்பாங் ரெங்கத்துக்குத் தெற்கே ஸ்கூடாயில் மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும், மேற்கே பாரிட் ராஜாவில் துன் ஹுசேன் ஓன் பல்கலைக்கழகமும் இருக்கின்றன. அங்கே பொறியியலும் புள்ளியியலும் படிக்கும் நம் பிள்ளைகளுக்கு லிண்ட்லியின் ஒற்றை வரியே போதும். மடிக்கணினியில் இருபது வரி நிரல் எழுதி, இந்தக் கட்டுரையில் உள்ள ஒற்றைத் தட எண்களைத் தாங்களே சரிபார்த்துவிடலாம். முதல் ஓட்டத்துக்கும் இரண்டாம் ஓட்டத்துக்கும் உள்ள வேறுபாட்டைக் கண்ணால் பார்த்தவர்கள் வாழ்நாளில் ஒற்றை எண்ணை நம்ப மாட்டார்கள்.

மற்றவர்களுக்கு நிரல் தேவையில்லை. புதிய ஏற்பாடு வரப்போகிறது, காத்திருப்பு இத்தனை விநாடி குறையும் என்று யாராவது அறிக்கையை நீட்டும்போது மூன்று கேள்விகளைக் கேட்டால் போதும். எத்தனை தனித்தனி ஓட்டம் ஓட்டினீர்கள்? தொடக்கத்தை என்ன செய்தீர்கள்? கூடக்குறைய எவ்வளவு? மூன்றுக்கும் விடை இருந்தால் அந்த எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால், இன்னொரு முறை ஓட்டிக் கொண்டுவரச் சொல்லித் திருப்பி அனுப்புங்கள்.